இரவல் நெஞ்சுவலி

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த மாடத்திக்குத் தாடை இழுத்தது, முதுகு வலித்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊரிலேயே தான்தான் பெரிய டாக்டர் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளும் திருமலையப்பனிடம் போனாள்.

அவர் நாடியைக்கூடத் தொடவில்லை. "வெறும் வாயுதாம்மா. பொம்பளைங்க மனசுல கவலை இருந்தா இப்படித்தான். மருமககூடச் சண்டையா?" என்று சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார்.

மறுநாள் காலை வலி கூடி, வியர்த்துக் கொட்டியது. மாடத்தி, நோய்நொடி அறியாத தன் புருஷன் சுடலைமுத்துவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். "வாயத் தொறக்காதிய. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, போதும்."

டாக்டரிடம் சொன்னாள்: "ஐயா, இவுகளுக்குத் தாடை இழுக்கு, முதுகு வலிக்கு, வேர்த்துக் கொட்டுது."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஐயையோ, ஹார்ட் அட்டாக்கா இருக்கும்! சிஸ்டர், உடனே ஈசிஜி எடுங்க!"

நர்ஸ் கட்டிலைக் காட்டியதும் மாடத்தி ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"நீ ஏம்மா படுக்கிறே? நோவு அவருக்குல்ல?" என்றார் டாக்டர்.

"நோவு எனக்குத்தான்யா. நேத்தே சொன்னேன், உங்க காதுல ஏறல. ஆம்பள நெஞ்சு வலிச்சாத்தான உங்களுக்குக் கேக்குது!"

ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டருக்கு முகம் வெளிறியது. ஆம்புலன்ஸ் மதுரைக்குப் பறந்தது. அங்கே அடைப்பை எடுத்தார்கள், மாடத்தி பிழைத்தாள்.

இப்போதெல்லாம் ஊர்ப்பெண்கள் நெஞ்சு வலித்தால் புருஷனை முன்னால் விட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். யாருக்கு நோவு என்று கேட்க டாக்டருக்குத் தைரியம் வருவதில்லை. இரண்டு பேரையுமே படுக்க வைத்துவிடுகிறார்.