சூடு ஏறாத வண்டி

"வாத்தியாரே, அந்தப் புள்ளையக் கொன்னது நானுங்களா?"

தாவூது ராவுத்தர் நிமிரவில்லை. லாரி ரேடியேட்டர் ஒன்றைக் காலிடுக்கில் வைத்து அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

கேட்டவன் பண்ணாரி, மேட்டுப்பாளையத்தில் இதே பட்டறையில் அவரிடம் தொழில் கற்றவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். வண்டியில் எது கெட்டாலும் தானே பார்த்துக்கொள்வான். வேறு மெக்கானிக் பானெட்டைத் திறந்தால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நடந்ததச் சொல்லு," என்றார் ராவுத்தர்.

சொன்னான்.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் தலைச்சன் பிள்ளை. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மார்கழிப் பனி, விடிந்தும் விடியாத நேரம். வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டான். சில்லென்றுதான் காற்று வந்தது. வளைவுக்கு வளைவு தட்டித் தட்டிப் பார்த்தான், அதே சில்லென்ற காற்றுதான்.

தாய் தன் சேலையைச் சுற்றினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அடிவாரம் வருவதற்குள் குழந்தை விறைத்துவிட்டது.

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"விதின்னாங்க. எடை பத்தாத புள்ள, தப்பறது கஷ்டந்தான்னு டாக்டர் சொன்னாருங்க. அந்தப் புள்ளையோட அப்பன் என் கையப் புடிச்சுட்டு, உங்களால ஆனதப் பண்ணீட்டீங்கன்னு கும்புட்டானுங்க."

அங்கேதான் பண்ணாரிக்குக் குரல் உடைந்தது. அந்த அப்பன் திட்டியிருந்தால் இவன் தாங்கியிருப்பான்.

"ஹீட்டர் ஏன் சுடல?"

"எஞ்சின் சூட்டுலதானுங்க ஹீட்டர் சுடும். எஞ்சினே சூடு ஏறலீங்க."

"ஏன் ஏறல?"



ராவுத்தர் எழுந்தார். டீ போடுகிற அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் தண்ணீர் ஊற்றினார். அலமாரியிலிருந்து புதுத் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்றை எடுத்துச் சட்டிக்குள் போட்டார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்.

இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பானது. வால்வு இறுக மூடியே கிடந்தது. கொதி வரப்போகிற நேரத்தில்தான் மெல்ல வாயைத் திறந்தது.

"இது என்ன வேல பாக்குது?"

"சூடு ஏறுனாத்தான் தண்ணிய ஆற வெக்க ரேடியேட்டருக்கு வுடும். அதுவரைக்கும் எஞ்சினுக்குள்ளயே சுத்த வுடும்."

"எதுக்கு?"

"எஞ்சின் சூடாகட்டும்னு."

"ஃபேனு?"

"அதும் சூடு மிஞ்சுனாத்தானுங்க சுத்தோணும்."

"உன் வண்டியில?"



"போன சித்திரையில மலை ஏறையில ஒருக்கா கொதிச்சு நின்னு போச்சுங்க. வால்வக் கழட்டி வீசீட்டனுங்க. ஃபேனுக்கு டைரக்டா லைன் குடுத்துட்டன். சாவி போட்டா நிக்காம சுத்தும்."

அப்புறம் தலையைத் தூக்கினான்.

"இங்க வர்ற வண்டிக்கெல்லாம் நாம அப்படித்தானுங்களே பண்ணுவோம். வெயில் ஊருக்கு இது எதுக்குடா, கழட்டிப் போடுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

ராவுத்தர் அடுப்பை அணைத்தார்.

"நாந்தான் சொன்னேன். மலைக்குப் போறவனுக்கும் அதையே சொல்லி அனுப்பீட்டேன். பாதி என்னோடது."

பண்ணாரி அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதான். குழந்தையைப் புதைத்த அன்று வராத அழுகை. பாரத்தில் பாதியை ஒருவர் வாங்கிக்கொண்டார் என்றதும் மூச்சு விட முடிந்தது. இதற்காகத்தான் மலை இறங்கி வந்தோம் என்று நினைத்தான்.

ராவுத்தர் அவனை அழ விட்டார். பிறகு கேட்டார்.

"வண்டி இப்ப எங்க?"

"மேலதானுங்க. நான் லீவு போட்டுட்டேன். வேற டிரைவர் ஓட்டறான்."

"வால்வு மாட்டீட்டியா?"

அழுகை நின்றது.

"மாட்டுலியா?"

"இல்லீங்க. இப்பப் போயி மாட்டுனா, ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. அப்பத் தெரிஞ்சு போயிருமுங்களே."

ராவுத்தர் சட்டிக்குள் குறடை விட்டு வால்வை எடுத்தார். துடைக்கவில்லை, துணியில் சுற்றவில்லை. அப்படியே அவன் உள்ளங்கையில் வைத்தார்.

சுட்டது. பண்ணாரி அவர் முகத்தைப் பார்த்தான்.

"பாவத்தப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார் ராவுத்தர். "மலை மேல இன்னைக்கு யாருக்குப் பிரசவம்?"