புயலுக்கு வைத்த டப்பாக்கள்

"ஆறு வருஷமாகச் சாமான் அறையைக் காத்து வருகிறேன். ஒருநாளாவது வந்து பார்த்தீர்களா, அம்மா?" என்று குறைப்பட்டுக்கொண்டார் தணிகாசலம்.

அது கடற்கரை மடம். புயலடித்தால் ஊரே அங்குதான் ஒதுங்கும். அப்படி ஒதுங்குகிறவர்களுக்காக அவல், சத்துமாவு, ரொட்டி எல்லாம் நூறு தகர டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த அறை தணிகாசலத்தின் பொறுப்பு. அவருக்கு அறுபது வயது. அவர் 'அம்மா' என்று அழைக்கும் மடத்துக் குரு வடிவம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சாமான் எப்படி இருக்கிறது?"

"ஒரு மூடியைக்கூடத் திறந்ததில்லை. தினமும் துடைக்கிறேன். முகம் பார்க்கலாம்."

வடிவம்மை எழுந்து முற்றத்துக்குப் போனார். புயல் மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! வானத்தில் பொட்டு மேகம் இல்லையே!"

"அதனால்தான் இன்றைக்கு அடிக்கிறேன்."

பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஊர் ஓடி வந்தது.

"பயப்படாதீர்கள், ஒத்திகைதான். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்," என்றார் வடிவம்மை.

தணிகாசலம் பெருமையோடு முதல் டப்பாவைத் தூக்கினார். டப்பா மேலே வந்தது. அடித்தகரம் தரையிலேயே இருந்துவிட்டது.

உப்பு ஈரம் தின்ற துரு. கொட்டிய அவல் அவர் பாதத்தின் மேல் நகர்ந்தது. அத்தனையும் வண்டு.

அடுத்ததைத் திறந்தார். ரொட்டியில் சிக்கு வாடை குப்பென்று அடித்தது. அதற்கடுத்ததில் மாவு கல்லாகிக் கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். நாற்பதாவது டப்பாவோடு நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நிஜமாகவே புயல் வந்திருந்தால்..." என்றார்.

கூட்டத்திலிருந்து ஜெபமாலை வந்தாள். மீன் விற்கிறவள். குனிந்து ஒரு பிடி அவலை அள்ளி முகர்ந்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, படகு கடலுக்குப் போகாத மாசம், ஒரு டப்பா கேட்டு வந்தேன். புயலுக்கு வச்சதுன்னு திருப்பி அனுப்புனீங்க. அன்னைக்கு இது நல்லா இருந்துச்சாய்யா?"

தணிகாசலம் குருவை ஏறிட்டுப் பார்த்தார்.

"அம்மா, நான் என்ன சொல்லட்டும்?"

"அவள் என்னிடமா கேட்டாள்?" என்றார் வடிவம்மை.