பொன்னுரங்கம் வைத்த டிப்ஸ்

இரண்டு கிண்ணம் நூடுல்ஸ், ஒரு நோட்டு, மூன்று பேர். புதிர் இவ்வளவுதான். பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மூக்குடைபட்டேன்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டலில் முப்பத்தொரு வருடம் சர்வராக இருந்தவர் பொன்னுரங்கம். கை நடுக்கம் வந்து, சாம்பார் வாளி தளும்ப ஆரம்பித்ததும் தாமாகவே நின்றுகொண்டார். அவருடைய ஒரே மகள் தமயந்திக்கு ஜப்பானில் வேலை. அவள்தான் டிக்கெட் எடுத்து அப்பாவை அங்கே வரவழைத்தாள். ரயில், ஓட்டல், சாப்பாடு எல்லாம் அவள் செலவு. பொன்னுரங்கம் தம்முடைய சேமிப்பிலிருந்து ஒரே ஒரு ஆயிரம் யென் நோட்டு மட்டும் மாற்றி வைத்திருந்தார்.

"இது எதுக்குங்கப்பா?" என்று கேட்டாள் மகள்.

"டிப்ஸ் வைக்க. ஆயுசு பூரா வாங்குன கை கண்ணு. ஒருக்கா குடுத்துப் பாக்கோணும்."

"இந்த ஊர்ல யாரும் டிப்ஸ் வாங்க மாட்டாங்கப்பா. கேவலமா நினைப்பாங்க."

"குடுக்க மனசில்லாதவன் கட்டிவிட்ட கதை அது," என்று சிரித்தார். டிப்ஸைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் ஜெயிக்க முடியாது. "காசு பெருசில்ல அம்மிணி. நாம பாத்துப் பாத்துச் செஞ்சதை ஒரு மனுசன் கவனிச்சான் பாரு, அதுதான் டிப்ஸு."

கனசாவா என்ற ஊரில் ஒரு மழை நாள் மதியம். சின்ன நூடுல்ஸ் கடை. அங்கே குச்சியால்தான் சாப்பிட வேண்டும். பொன்னுரங்கத்தின் விரலில் குச்சி தாளம் போட்டது. ஒரு தடவை நழுவி விழுந்தது, இன்னொரு தடவையும் விழுந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று தலை குனிந்தபடியே நோட்டம் விட்டார். பரிமாறிய பெண் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கிண்ணங்களையும் உள்ளே எடுத்துப் போய், நூடுல்ஸைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஸ்பூன் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கவனியுங்கள், இரண்டு கிண்ணத்திலும். கை நடுங்காத மகளுக்கும் அதே நறுக்கிய நூடுல்ஸ், அதே ஸ்பூன். அந்தக் கடையில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

மகள் நினைத்தாளோ என்னவோ, சர்வர் கண்ணை ஏமாற்ற முடியுமா? பொன்னுரங்கம் கிண்ணத்தின் சூப்பையும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். அந்த ஆயிரம் யென்னை எட்டாக மடித்துக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எதிர்ச்சாரி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

தமயந்தி வாசலில் குடையோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஓடி வந்தாள். குடை இல்லை. தலை நனைந்து முகத்தில் தண்ணீர் வழிந்தது. உடுப்புக்குள் நனையாமல் பத்திரப்படுத்தியிருந்த ஒரு கவரை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்கள் அப்பா இதை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்."

எட்டாக மடித்த நோட்டை யாரும் மறந்து வைப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும். மறதி என்று சொல்லிவிட்டால் வைத்தவருக்குத் தலைகுனிவு இல்லையே! தமயந்தி கவரை வாங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"என்ன சாமி, வாங்கிக்கிட்டாளா?" என்றார் அப்பா, பஸ் ஸ்டாப்பில்.

"வாங்கிக்கிட்டாங்கப்பா. ரொம்ப சந்தோசப்பட்டாங்க."

அன்று சாயங்காலம் முழுக்க அவர் நடையே வேறாக இருந்தது. பின்னால் கை கட்டிக்கொண்டு, நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய மனுசன் மாதிரி கடைத்தெருவில் நடந்தார். அதைப் பார்த்துப் பார்த்து மகளுக்கு மனசு நிறைந்து போனது.

மறுநாள் காலை, பத்தரை மணி ரயிலுக்குக் கிளம்பும் நேரம். மாத்திரைக்காக அவள் பையைத் திறந்தவர் கையில் கவர் அகப்பட்டது. உள்ளே நோட்டு, எட்டு மடிப்புக் கோட்டோடு. ஜப்பானில் அப்படி மடிக்க வேறு ஆள் ஏது?

தமயந்தி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "உங்க முகம் வாடிரும்னுதான்ப்பா மறைச்சேன்," என்று அழுதாள்.

கொடுத்தே தீர வேண்டும் என்று ஊர் வழக்கத்தை மீறிய தகப்பன். வாங்கக் கூடாது என்று மழையில் ஓடி வந்த பெண். இரண்டு பேர் மனமும் நோகக் கூடாது என்று நடுவில் நின்று பொய் சொன்ன மகள். இதில் யார் செய்தது சரி?

விடை: நான் மகளுக்குத்தான் கை தூக்கினேன். பொய்யினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று வாதாடினேன். தப்பு. தகப்பன் வைத்ததும் சரி, அந்தப் பெண் திருப்பித் தந்ததும் சரி. நீ செய்ததைக் கவனித்தேன் என்று அவர் சொன்னார். காசுக்காகச் செய்யவில்லை என்று அவள் பதில் சொன்னாள். அந்தப் பதில்தான் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மகளின் அன்பில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் நஷ்டம் எங்கே என்பதைப் பொன்னுரங்கமே சொன்னார். "திருப்பிக் குடுத்ததுல எனக்கொண்ணும் வருத்தமில்ல கண்ணு. எனக்காவ ஒரு புள்ள மழைல ஓடி வந்து நின்னுருக்குது. நான் அந்தப் பக்கம் முதுகக் காட்டிட்டு நின்னுட்டனே. நீ ஒரு சத்தம் குடுத்திருந்தா, திரும்பி ஒரு கும்பிடு போட்டிருப்பேன்." தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும். மத்தியான ரயிலுக்கு டிக்கெட்டை மாற்றினாள்.