மெக்சிகோ இல்லாத விருந்து

டெக்சஸில், எல்லை ஆற்றை ஒட்டி வெண்டெல் என்று ஒரு பெரிய பண்ணைக்காரர் இருந்தார். அவர் வீட்டில் சமைத்தவள் அக்கரை மெக்சிகோக்காரி எல்விரா. அவள் இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டில் வருடாவருடம் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து நடக்கும் நன்றி கூறும் பண்டிகைக்கு முதல் நாள் அவளைக் கூப்பிட்டார். “நாளைக்குச் சுத்தமான அமெரிக்க விருந்து. உங்க நாட்டுப் பொருள் ஒண்ணு மேஜைக்கு வந்தாலும் உனக்குக் கையெழுத்து கிடையாது.”

எல்விரா தலையாட்டினாள். அவள் மகள் இங்கேதான் பள்ளியில் படிக்கிறாள்.

மறுநாள் பன்னிரண்டு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். மேஜையில் ரொட்டியும் வெண்ணெயும் வெங்காயமும்தான் இருந்தன.

“வான்கோழி எங்கே?” என்று உறுமினார் வெண்டெல்.

எல்விரா சமையல் மேலங்கியில் கைகளைத் துடைத்துக்கொண்டாள். “வான்கோழியை முதல்ல வீட்டுல வளர்த்தது எங்க நாட்டுலதாங்க. மக்காச்சோளமும் பூசணியும் சாக்லேட்டும் அங்கேயிருந்து வந்ததுதான். நீங்க கூடாதுன்னீங்களே.”

விருந்தாளிகளில் ஒருத்தி சரித்திர ஆசிரியை. “அவ சொல்றது நிஜம்” என்றாள். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். வெண்டெலின் முகம் சிவந்தது.

“இப்ப என்ன செய்யறது?” அவர் குரல் இறங்கியிருந்தது.

“எல்லாம் சமைச்சு அடுக்களை வாசல்ல காத்திருக்குங்க. நீங்க அனுமதி குடுத்தா உள்ளே வரும்.”

பன்னிரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

“வரட்டும்” என்றார்.

திங்கட்கிழமை சீட்டு கையெழுத்தோடு அடுக்களைக்கு வந்தது. அதை இரண்டு தரம் படித்த பிறகுதான் எல்விரா அடுப்பைப் பற்றவைத்தாள்.