கடைசி பெஞ்சில் ஒரு பாட்டு நேரம்

அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்காவது பார்த்துக்கொண்டால் அந்தப் பேச்சுதான். இப்போது கோயிலுக்குள் பெரிய ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. அன்றைக்கு ஒரு ஆர்மோனியமும் பதினெட்டுத் தொண்டையும்தான்.

அந்தப் பதினெட்டில் ஒன்று ஜெபக்கனி அக்காவுடையது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் பாட ஆரம்பித்தால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். எங்கள் பதினேழு பேர் குரலும் அதற்குள் காணாமல் போகும்.

ஒருநாள் பயிற்சியின்போது எங்களில் ஒருத்தியான சந்தோஷம் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அக்கா ஒருத்தரே பாடட்டும். நாங்க எதுக்கு?"

அது அக்கா காதில் விழுந்தது.

மறுநாள் பாதிப் பாட்டில் ஞானசீலன் மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து வந்தவர், அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"யாரு பாடாம இருக்கிறது?"

"நான்தான் மாஸ்டர்," என்றார் அக்கா. "குறைச்சுப் பாடுதேன்."

"அப்படிப் பாடுறது எப்படி இருக்கு?"

"மூச்சு முட்டுது. இந்தக் கிறிஸ்துமஸோட நின்னுக்கிடுதேன் மாஸ்டர். முழுசாப் பாடினா இவங்களுக்குக் கஷ்டம். குறைச்சா எனக்குக் கஷ்டம். நான் என்னதான் செய்ய?"

மாஸ்டர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"கடைசி பெஞ்சுல போய் உக்காருங்கக்கா."

தண்டனை என்றுதான் நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். தலையைக் குனிந்தபடி அவ்வளவு நீளமும் நடந்து போனார்.

அவர் இல்லாமல் பாடினோம். முதல் சரணம் தள்ளாடியது. இரண்டாவதில் பொன்னையா அண்ணனின் கனத்த குரல் அடியில் வந்து நின்றது. அதன்மேல் சந்தோஷத்தின் குரல் மெல்ல ஏறியது. எனக்கே என் குரல் கேட்டது.

பாடி முடித்தபோது அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா கேட்டுச்சு?"

"பதினோரு வருஷமா பக்கத்துல நிக்கேன் மாஸ்டர். சந்தோஷம் இவ்வளவு நல்லாப் பாடுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

சந்தோஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்கக்கா. வந்து பாடுங்க."

அக்கா எழுந்தார். இரண்டடி வைத்துவிட்டு நின்றார்.

"எவ்வளவு சத்தமாப் பாடட்டும்?"

"அது உங்க இஷ்டம்க்கா. இவங்க பாடுறது உங்க காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."