பின்காவலுக்கு யார்?

மேட்டுக்காட்டுக்கும் பள்ளக்காட்டுக்கும் நடுவில் ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் அது சுருங்கிவிடும். இரண்டு காட்டுக்கும் தண்ணீர் போதாது. அதனால் விலங்குகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தன. பங்குனியில் ஒரு பந்தாட்டம் நடக்கும். ஜெயித்த காட்டுக்குக் கோடை முழுக்கக் குளம். தோற்ற காடு மலைக்கு அப்பாலுள்ள பாறைச் சுனைக்கு நடக்க வேண்டும்.

போன கோடையில் நடந்தது மேட்டுக்காடு. அதன் அணித் தலைவி பேச்சி என்ற கரடி. அவளுடைய குட்டிகள் சுடுபாறையில் நடந்து பாதம் வெந்து அழுதன. இந்த வருடமும் அவற்றை அந்தப் பாறையில் நடக்கவிடுவதில்லை என்று பேச்சி முடிவு கட்டியிருந்தாள்.

ஆட்டம் எளிதுதான். பந்துக்குப் பதில் ஒரு பனங்காய். ஒருவர் அதைத் தூர எறிவார். அவருடைய ஓட்டக்காரர் ஓடிப்போய்ப் பிடித்து, எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். அவரைக் காயைப் பிடிக்கவிடாமல் கூடவே ஒட்டிக்கொண்டு ஓடும் எதிரணிக்காரருக்குப் பின்காவல் என்று பெயர். காய் தன்னிடம் சிக்கினால் அவரும் ஓடிப்போய் எதிர்க்கோட்டைத் தாண்டலாம். பின்காவலுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அவர் ஏமாந்தால் கதை முடிந்தது.

போன வருடம் மேட்டுக்காட்டின் பின்காவலில் நின்றது முள்ளம்பன்றி. அதைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒதுங்கத்தான் செய்தார்கள். ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போய், சாவகாசமாகக் கோட்டைத் தாண்டினார்கள்.

ஆட்டத்துக்கு முன்பு ஆள் எடுப்பு நடக்கும். எந்த அணியிலும் சேராத, இரண்டு காட்டுக்கும் இடையில் வாழும் நடுக்காட்டு இளசுகள் வரிசையில் வந்து நிற்கும். இரண்டு அணியும் மாறி மாறி எடுக்கும். தோற்ற அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. அந்த ஒரு வாய்ப்பை நம்பித்தான் பேச்சி வந்திருந்தாள்.

மேட்டுக்காட்டுக்காக ஆளைச் சோதிக்கும் பொறுப்பு மாசானம் என்ற நரியிடம் இருந்தது. மாசானம் பெண் பார்க்கப் போன வீட்டுக்காரர்களைப் போல வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தது. காலின் நீளம் பார்த்தது. பல்லைக்கூடப் பார்த்தது. மாங்கிளையைத் தொடும்படி குதிக்கச் சொன்னது. புளியமரத்திலிருந்து புற்று வரைக்கும் ஓடச் சொன்னது.

சிங்காரம் என்ற மான் ஓடியபோது புழுதிகூடப் பின்தங்கிவிட்டது. மாசானத்துக்கு வாயெல்லாம் பல்.

“பேச்சியக்கா, இவன்தான் நம்ம ஆளு. கண்ணை மூடிட்டு எடுத்துருங்க.”

எதிர் அணித் தலைவர் காட்டுப்பன்றியும் மானைப் பார்த்து எச்சில் விழுங்குவது பேச்சிக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஆனால் குட்டிகளின் பாதம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“ஏன் மாசானம், இவன் தனியாத்தானே ஓடினான்?”

“ஆமாக்கா.”

“ஆட்டத்துல தனியாவா ஓடப்போறான்? ஒருத்தன் போற பக்கமெல்லாம் இவனும் போகணும்ல? நம்ம வெள்ளச்சியைக் கூப்பிடு.”

வெள்ளச்சி மேட்டுக்காட்டின் ஓட்டக்காரி. முயல் இனத்திலேயே வளைந்து ஓடுவதில் பெயர் வாங்கியவள். அவள் கிளம்பினாள். மான் அவளை ஒட்டிப் பாய்ந்தது. வெள்ளச்சி பாதியில் சட்டென்று திரும்பி இடப்பக்கம் போய்ப் பனங்காயைப் பிடித்தாள். மான் மட்டும் நேராகப் புற்று வரைக்கும் போய்த்தான் நின்றது.

“தரை வழுக்குது,” என்றது சிங்காரம். “சூரியன் வேற கண்ணுல அடிக்குது. காலையில சரியாச் சாப்பிடலை.” மறுமுறை வெள்ளச்சி ஓடியபோதும் அது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து சுடலை என்ற கீரி வந்தது. மாசானம் அதன் காலை அளந்துவிட்டு முகத்தைச் சுளித்தது. வெள்ளச்சி தலையை வலப்பக்கம் ஆட்டினாள். கீரி வலப்பக்கம் பாய்ந்தது. அவள் இடப்பக்கம் போய்விட்டாள். கீரி சேற்றில் முகம் குப்புற விழுந்தது.

“அடுத்த ஆளு வாங்க,” என்றது மாசானம்.

சுடலை மூக்கில் ஒட்டிய சேற்றைத் துடைத்தது. “அக்கா, இன்னொரு தடவை ஓடுறீங்களா?” என்று வெள்ளச்சியிடம் கேட்டது.

அவள் ஓடினாள். தலையை ஆட்டினாள். கீரி அசையவில்லை. அவள் திரும்பிய கணத்தில் அதுவும் திரும்பியது. பனங்காய் வந்தபோது வெள்ளச்சிக்கும் காய்க்கும் நடுவில் ஒரு வால் ஆடிக்கொண்டிருந்தது.

“எப்படிப்பா?” என்று கேட்டாள் பேச்சி.

“தலை பொய் சொல்லுதுக்கா. இடுப்பு பொய் சொல்ல மாட்டேங்குது. மொதல்ல நான் தலையைப் பார்த்துட்டேன்.”

பேச்சி எழுந்து நின்றாள். “மேட்டுக்காடு சுடலையை எடுக்குது.”

மாசானம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. காட்டுப்பன்றி வாய்விட்டுச் சிரித்து, மானைத் தன் பின்காவலுக்கு அள்ளிக்கொண்டு போனது.

ஆட்டம் தொடங்கியது. பள்ளக்காட்டின் ஓட்டக்காரன் ஒரு காட்டுப்பூனை. அவனுக்கு இடுப்பாலும் பொய் சொல்லத் தெரிந்திருந்தது. முதல் பனங்காயிலேயே சுடலை ஏமாந்துபோனது. பூனை கோட்டைத் தாண்டினான்.

“இதுக்கு நானே நின்னுருப்பேனே,” என்றது முள்ளம்பன்றி. ஆனாலும் பேச்சி சுடலையை மாற்றவில்லை. அது புழுதியை உதறிவிட்டு, பூனையின் பாதத்தையே பார்த்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து நின்றதை அவள் கவனித்திருந்தாள்.

அதற்குப் பிறகு பூனைக்கு ஒரு காயும் சிக்கவில்லை. வெள்ளச்சி ஒரு முறை தாண்டி ஆட்டத்தைச் சமன் செய்தாள். பொழுது சாய்ந்தது. கடைசிக் காய் உயரப் பறந்தது. பூனை தலையால் ஒரு பொய் சொன்னான், இடுப்பால் ஒரு பொய் சொன்னான். சுடலை இரண்டையும் நம்பவில்லை. பாதம் எந்தப் பக்கம் ஊன்றியதோ அந்தப் பக்கம் எகிறிக் காயைக் கவ்வியது. கவ்வியதோடு நிற்கவில்லை, எதிர்க்கோட்டை நோக்கி ஓடியது. குறுக்கே வந்த மான் மின்னலாகப் பாய்ந்தது. சுடலை வளைந்தது. மான் நேராகப் போய்விட்டது. சுடலை கோட்டைத் தாண்டியது!

மறுநாள் பேச்சியின் குட்டிகள் குளத்தில் கழுத்தளவுக்கு இறங்கி உட்கார்ந்திருந்தன. கரையில் சிங்காரம் தயங்கித் தயங்கி வந்தது. “சுனைக்குப் போறதுக்கு முன்னாடி, அந்தப் பாதம் பார்க்குற வித்தையைக் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பா,” என்றது. சுடலை உடனே எழுந்து சொல்லிக்கொடுத்தது.

மாசானத்துக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. “ஏன்டா சுடலை, மொதல் காயை விட்டுட்டு அத்தனை பேர் முன்னாடி நின்னியே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?”

“பூனை அடுத்து எந்தப் பக்கம் போவான்னு பார்த்துட்டு இருந்தேன்ண்ணே,” என்றது கீரி.

நீதி: ஒரு வேலைக்கு ஆள் தேடும்போது தவறே செய்யாதவரைத் தேடி அலையாமல், தவறியதும் சாக்குச் சொல்லாமல் கற்றுக்கொண்டு எழுகிறவரை நம்ப வேண்டும்.