இரங்கல் தீர்மானம்

முதலில், நெசவாளர்கள் கூடித் தொடங்கிய தென்சீமை மக்கள் முன்னணியைத் தவசிலிங்கம் தன் பெயரில் பதிவு செய்துகொண்டான். அடுத்து, கருவேலங்குளத்தில் மண்ணைக் கொட்டித் தன் பேருந்துகளுக்குக் கொட்டகை போட்டான். அதற்கடுத்து, குளத்தை மீட்கக் கிளம்பிய ஊர்வலத்துக்குத் தானே தலைமை தாங்கினான். அங்கே கல் பறந்து போலீஸ் வந்தபோது, எப்போதும் தன் இடது தோளுக்குப் பின்னால் நின்று கோஷம் எடுத்துக்கொடுக்கும் மாடக்கண்ணுவைக் கைகாட்டினான். கடைசியாக, மாடக்கண்ணு காவலில் செத்ததும், "அவன் எங்கள் கட்சிக்காரனே அல்ல" என்று அறிக்கை விட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. பேருந்துகள் பெருகின. கொடி நான்கு மாவட்டங்களில் பறந்தது. நாளைய மாநாட்டில் அவனை நிரந்தரத் தலைவராக அறிவிக்கப்போகிறார்கள்.

இன்று மாலை அவன் பாறையடி மண்டபத்துக்கு வந்தான். அங்கிருக்கும் துறவியான அம்மை அவனைவிட இளையவள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் வந்து அவளிடம் திருநீறு வாங்கிப்போவான். சீடனாக இருப்பது என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தான்.

அம்மை இரண்டு பாய்களை விரித்தாள்.

"நான் மட்டுந்தான் தாயே. செயலாளருங்க மூணு பேரும் வெளியில கார்ல இருக்காவ."

"சரி. நீ உக்காரு."

இரண்டாவது பாயை அவள் சுருட்டவில்லை.

"தாயே, நான் பேசும்போது கூட்டம் என்னைப் பாக்க மாட்டேங்கு. என் தோளுக்குப் பின்னால பாக்கு. நான் திரும்பினா அங்க யாரும் இல்ல."

"லாரியில ஏத்தி வந்த கூட்டமா? தானா வந்த கூட்டமா?"

"ரெண்டுந்தான்."

"ரெண்டும் ஒரே இடத்தையா பாக்கு?"

"ஆமா."

"அப்ப கண்ணுல கோளாறு இல்ல."

அவனுக்கு எரிச்சல் வந்தது. "நாளைக்கும் இப்படி நடந்தா கட்சி என் கையில நிக்காது. ஒரு வழி சொல்லுங்க."

"மாநாட்டுல முதல்ல என்ன செய்வீங்க?"

"இரங்கல் தீர்மானம். இறந்துபோன தோழர்கள் பேரை நான் வாசிப்பேன். எல்லாரும் எழுந்து நிப்பாங்க."

"அதை இங்கேயே ஒரு தடவை செய். சாட்சிக்கு அவங்களைக் கூப்பிடு."

செயலாளர்கள் மூவரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கைகள் கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்பியிருந்தன.

யார் பேரை அவள் கேட்கிறாள் என்பது தவசிலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பேர்தானே, சொல்லித் தொலைத்துவிட்டால் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டான். எழுந்து தொண்டையைச் செருமினான்.

"கருவேலங்குளம் கிளைத் தோழர், நம் கட்சிக்காரர், மாடக்கண்ணு அவர்களின் மறைவுக்கு..."

யாரும் எழவில்லை. மூவரின் கண்களும் அவன் தோளுக்குப் பின்னாலேயே இருந்தன. அவர்களில் ஒருவர், தெரிந்தவரைக் கண்டதுபோல லேசாகச் சிரித்தார். அவன் பிடரியில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"சொல்லிட்டேனே தாயே!" அவன் குரல் உடைந்தது. "நம்ம கட்சிக்காரர்னுகூடச் சொல்லிட்டேனே. இன்னும் ஏன் போகல?"

"இரங்கல் தீர்மானத்துல யார் பேரை வாசிப்பாங்க?"

"செத்தவங்க பேரை."

அம்மை அவன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். பிறகு, அவன் வந்ததிலிருந்து முதல்முறையாக, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாடக்கண்ணு நின்னுக்கிட்டுல்லா இருக்காரு. செத்தவர் பேரை வாசி."

வெளியே காரின் ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டு நிறுத்தினான். தவசிலிங்கம் மூன்று செயலாளர்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் காத்திருந்தார்கள்.

"தென்சீமை மக்கள் முன்னணித் தலைவர்," என்று தொடங்கினான். மேடையில் எத்தனையோ ஆயிரம் பேரை எழுப்பிய குரல் அது.

"தவசிலிங்கம்."

மூவரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள்.